டாய் ஹாலர் தேர்வு: வண்டியிலிருந்து தொடங்குங்கள்

தெற்குக் கலிபோர்னியாவில் அக்டோபர் பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை மாலைகளில் ஐ-8 நெடுஞ்சாலையின் கிழக்கு நோக்கிய தடத்தில் ஒரே மாதிரியான ஊர்வலத்தைக் காணலாம். முன்னால் ஒரு பெரிய பிக்கப் டிரக், அதன் பின்னால் முப்பதடி நீளத்தில் ஒரு நடமாடும் வீடு, அந்த வீட்டின் வயிற்றுக்குள் மணல்மேட்டில் ஓட்டுவதற்கான வண்டிகள். முன்பாதியில் அடுப்பும் படுக்கையும் குளியலறையும், பின்பாதியில் வண்டி நிறுத்தும் கராஜும் கொண்டு, பின்சுவரே சாய்தளக் கதவாகத் தரையில் இறங்கும் இந்த டிரெய்லருக்குத்தான் டாய் ஹாலர் என்று பெயர். பொம்மை சுமப்பது என்று பொருள்படும் விளையாட்டுப் பெயர்தான். ஆனால் அந்தப் பொம்மை ஒன்றே ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு எடைகூட இருக்கலாம் என்பதை வாங்குபவர்கள் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள்.

நானும் அவர்களில் ஒருவன். சான் டியகோவிலிருந்து கிளாமிஸ் மணல்மேடுகளுக்குப் போய்வருவதற்காக வாங்கிய முதல் டிரெய்லரை, அதன் சமையலறையைப் பார்த்து வாங்கினேன். ஒன்றரை ஆண்டில் நட்டத்துக்கு விற்றேன். அடுத்ததை வாங்கும்போது வரிசையை மாற்றினேன்: முதலில் உள்ளே ஏற்றப்போகும் வண்டி, பிறகு மொத்தச் சுமை, பிறகு அதை இழுக்கும் டிரக், அதன் பிறகே டிரெய்லர். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் செல்கிறது. அமெரிக்காவில், குறிப்பாக மேற்குப் பாலைநிலப் பகுதியில், முதன்முறையாக டாய் ஹாலர் வாங்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: அளவு நாடாவை எடுங்கள்

விற்பனைக் களத்துக்குப் போவதற்கு முன் உங்கள் வண்டியை நீங்களே அளந்துவிடுங்கள். தயாரிப்பாளர் தரும் அளவு, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் உள்ள வண்டிக்குரியது. அகலமான டயர், பக்கக் கண்ணாடி, கூரைமேல் விளக்குப் பட்டை, பின்னால் உதிரிச் சக்கரம் என்று நீங்கள் சேர்த்தவை அந்த அளவில் அடங்கா.

மண்பாதையில் ஓட்டும் டர்ட் பைக்குகளும், நான்கு சக்கரக் குவாட்களும் பெரிய சிக்கல் தருவதில்லை. சிக்கல் முழுவதும் சைடு-பை-சைடு எனப்படும், காரைப் போல ஸ்டீயரிங்கும் இருக்கைகளும் கொண்ட வண்டிகளில்தான். போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000 என்ற பரவலான மாடல் 64 அங்குல அகலம் உடையது. இரண்டு இருக்கை கொண்டது ஏறத்தாழ 10 அடி நீளமும், நான்கு இருக்கை கொண்டது ஏறத்தாழ 12 அடி நீளமும் இருக்கும். அதே நிறுவனத்தின் புரோ ஆர் 74 அங்குலம். கேன்-ஆம் நிறுவனத்தின் மாவெரிக் ஆர் 77 அங்குலம். வண்டிகள் ஆண்டுக்காண்டு அகலமாகிக்கொண்டே வருகின்றன, டிரெய்லரோ அகலமாக முடியாது. நெடுஞ்சாலைகளில் 102 அங்குலத்துக்கு மேல் அகலம் அனுமதிக்கப்படுவதில்லை. சுவரின் தடிமன், பக்க அலமாரி, மடக்கி வைத்த சோபா ஆகியவற்றைக் கழித்தபின் கராஜின் குறுகலான இடத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே நமக்கு வேண்டிய எண்.

ஆகவே கராஜில் நான்கு இடங்களை அளக்க வேண்டும்: சாய்தளக் கதவுச் சட்டத்தின் உட்புற அகலமும் உயரமும், எதிரெதிர் சோபாக்கள் மடங்கிய நிலையில் அவற்றுக்கு இடைப்பட்ட அகலம், மின்விசையால் மேலேறும் படுக்கைகள் கூரையோடு ஒட்டிய நிலையில் தரையிலிருந்து அவற்றின் அடிப்பகுதி வரையுள்ள உயரம், கதவை மூடிய பின் எஞ்சும் தரையின் நீளம். இந்தக் கடைசி எண்ணில்தான் ஏமாற்றம் அதிகம். விளம்பரத்தாளில் "13 அடி கராஜ்" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பதின்மூன்று அடி சமையலறை மேடையின் விளிம்பு வரையோ குளிர்பதனப்பெட்டியின் கதவு வரையோ எண்ணப்பட்டிருக்கும். வண்டியை அங்கே நிறுத்தினால் பெட்டியைத் திறக்க இயலாது.

அளந்து முடித்ததும் வண்டியின் அகலத்தோடு இன்னும் ஓர் அடியாவது சேர்த்துப் பாருங்கள். வண்டியை உள்ளே ஓட்டிய பிறகு நீங்கள் கதவைத் திறந்து இறங்க வேண்டும், குனிந்து பட்டை கட்ட வேண்டும். நான் முதன்முதலில் ஏற்றிய அன்று வண்டி அழகாக உள்ளே போய்விட்டது; நான்தான் வெளியே வர முடியாமல், வண்டியின் பாதுகாப்புக் கூண்டுக் குழாய்களுக்கு இடையே நுழைந்து, பின்பக்கமாக ஊர்ந்து வந்தேன். பக்கத்து முகாம்காரர் அதை ரசித்துப் பார்த்தார்.

இரண்டாம் படி: சுமையைக் காகிதத்தில் கூட்டுங்கள்

ஒவ்வொரு டிரெய்லரிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, ஜி.வி.டபிள்யூ.ஆர். எனப்படும் உச்ச மொத்த எடை; டிரெய்லரும் அதற்குள் இருப்பவை அனைத்தும் சேர்ந்து இந்த எண்ணைத் தாண்டக்கூடாது. மற்றொன்று, சரக்கின் எடை இவ்வளவு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று எழுதப்பட்ட மஞ்சள் நிற ஒட்டுத்தாள். விளம்பரத்தாளில் உள்ள உலர் எடை, அதாவது தண்ணீரும் சரக்கும் இல்லாத எடை, அந்த மாடலின் அடிப்படை அமைப்புக்குக் கணக்கிடப்பட்டதாக இருக்கலாம். ஜெனரேட்டர், இரண்டாவது ஏ.சி., சாய்தளக் கதவைத் திண்ணையாக மாற்றும் கம்பிவேலி எனக் கூடுதல் வசதிகள் பொருத்தப்பட்ட பின் அது மாறிவிடும். ஒட்டுத்தாளோ, உங்கள் கண்முன் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட டிரெய்லருக்கு உரியது. விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு ஒட்டுத்தாளைப் படியுங்கள். தண்ணீரும் சரக்குக் கணக்கில்தான் வரும் என்பதை அந்தத் தாளே சொல்லும்.

நால்வர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று நாள் கிளாமிஸ் செல்வதாகக் கொள்வோம். எரிபொருளோடு ஒரு சைடு-பை-சைடு 1,600 பவுண்டு. சிறுவர்கள் ஓட்ட இரண்டு டர்ட் பைக்குகள், ஒன்றுக்கு 250 வீதம் 500 பவுண்டு. கிளாமிஸில் குழாய் இணைப்பு கிடையாது என்பதால் தண்ணீரை நிரப்பியே கொண்டுபோக வேண்டும். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, ஆக 100 காலன் தொட்டிக்கு 830 பவுண்டு. டிரெய்லரில் உள்ள பெட்ரோல் தொட்டியில் 30 காலன், காலனுக்கு 6 பவுண்டு வீதம் 180. உணவு, உடை, நாற்காலி, தலைக்கவசம், கருவிப்பெட்டி, விறகு எல்லாம் சேர்ந்து 600 என்பது குறைவான மதிப்பீடுதான். கூட்டினால் 3,710 பவுண்டு. ஒட்டுத்தாளில் 3,500 என்று இருக்கும் டிரெய்லர் வெளியே பார்க்க எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு உதவாது.

இங்கே ஓட்டுநர் உரிமத்தையும் கவனிக்க வேண்டும். கலிபோர்னியாவில் சாதாரண சி வகுப்பு உரிமம் உள்ளவர், ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டு வரையுள்ள டிரெய்லரையே இழுக்கலாம். டிரக்கின் பின்னுள்ள சரக்குப் படுகைக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகையில் 10,001 முதல் 15,000 பவுண்டு வரை உள்ளவற்றுக்கு உரிமத்தில் தனி மேலொப்பம் தேவை. அதற்கு மேல் போனாலோ, சாதாரண இழுவை டிரெய்லர் 10,000 பவுண்டைத் தாண்டினாலோ, வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். சட்டம் பார்ப்பது பெரும்பாலும் தகட்டில் பொறித்துள்ள எண்ணை; "நான் காலியாகத்தான் இழுக்கிறேன்" என்பது பதிலாகாது. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி மாறும் என்பதால், உங்கள் மாநிலத்தின் ஓட்டுநர் கையேட்டில் இந்தப் பகுதியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: டிரக்கின் கதவைத் திறந்து படியுங்கள்

"இந்த டிரக் 11,000 பவுண்டு இழுக்கும்" என்ற விளம்பர வாசகத்தை நம்பி டிரெய்லர் வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளுள் மிகப் பெரியது. இழுக்கும் திறன் ஒன்று, முதுகில் சுமக்கும் திறன் வேறொன்று. இரண்டாவதைப் பேலோடு என்பார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலைச்சட்டத்தில் மஞ்சள் பட்டையுடன் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அரை டன் டிரக் என்று அழைக்கப்படும் எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்றவற்றில் பலவற்றுக்கு இந்த எண் 1,500 முதல் 1,900 வரை இருக்கும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என வசதி கூடக்கூட எண் குறையும்.

டிரெய்லரின் முன்முனை டிரக்கின் கொக்கிமீது அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். இந்த எடை முழுவதும் பேலோடில்தான் கழியும். மேலே கண்ட குடும்பத்தின் டிரெய்லர் காலியாக 7,000 பவுண்டு என்றால், சுமையோடு 10,710. அதில் 12 விழுக்காடு ஏறத்தாழ 1,285 பவுண்டு. டிரக்கின் பேலோடு 1,700 என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வரின் எடைக்கு 600, எடை பகிரும் ஹிட்ச் என்ற கருவிக்கு 100 கழித்தால் மிஞ்சுவது 1,000. இழுக்கும் திறன் இன்னும் பாக்கி இருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிடுகிறது. அரை டன் டிரக் வைத்திருக்கும் பெரும்பாலோரின் கதை இதுதான். அவர்கள் ஒன்று சிறிய டிரெய்லருக்கு இறங்க வேண்டும், அல்லது அதிகம் சுமக்கும் முக்கால் டன் டிரக்குக்கு ஏற வேண்டும். டிரக்கையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் டிரெய்லரின் விலையோடு சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான்காம் படி: காலியாக ஒன்று, நிறைந்தபின் வேறொன்று

சாதாரணப் பயண டிரெய்லருக்கும் டாய் ஹாலருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வண்டிகள் பின்பகுதியில் ஏறும் என்பதைக் கணக்கில் கொண்டு, வடிவமைப்பவர்கள் சக்கர அச்சுகளைச் சற்றுப் பின்தள்ளி வைக்கிறார்கள். அதனால் கராஜ் காலியாக இருக்கும்போது எடை முன்பக்கம் சாய்ந்து டங் வெயிட் மிக அதிகமாகவும், கராஜ் நிறைந்ததும் தராசைப் போலப் பின்பக்கம் தாழ்ந்து டங் வெயிட் மிகக் குறைவாகவும் ஆகிறது. அதிகமானால் டிரக்கின் பின்பகுதி அழுந்தி, முன்சக்கரங்களில் பிடிப்பு குறையும். குறைந்தாலோ ஆபத்து இன்னும் கூடுதல்: டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், பக்கக் காற்று சேர்ந்தால் டிரக்கையும் ஆட்டிவிடும். ஐ-8 சாலை 4,000 அடிக்கு மேல் ஏறி, இன்-கோ-பா பள்ளத்தாக்கு வழியாகப் பாலைக்கு இறங்குமிடத்தில் அடிக்கும் காற்றை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு கணக்கு. டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் ஹிட்ச் பந்திலிருந்து சக்கர அச்சுகளின் நடு வரை 18 அடி. வீட்டுப் பொருள்களுடன், ஆனால் வண்டிகள் இல்லாமல், டிரெய்லர் 8,000 பவுண்டு. டங் வெயிட் 1,300, அதாவது 16 விழுக்காடு. இப்போது 2,100 பவுண்டு வண்டிகளை, அவற்றின் எடைமையம் அச்சுகளுக்கு 5 அடி பின்னால் அமையும்படி ஏற்றுகிறோம். நெம்புகோல் விதிப்படி 2,100-ஐ 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 580 பவுண்டு முன்முனையிலிருந்து குறையும். மிஞ்சும் டங் வெயிட் சுமார் 720. மொத்த எடை 10,100 ஆகிவிட்டதால் இது 7 விழுக்காடுதான். இந்த நிலையில் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. அதே வண்டிகளை இரண்டடி முன்னால் தள்ளிக் கட்டினால் 950 பவுண்டுக்கு, அதாவது 9.4 விழுக்காட்டுக்கு வரும். அச்சுகளுக்கு 4 அடி முன்னால் அமைந்த 100 காலன் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பினால் இன்னும் 180 பவுண்டு கூடி, ஒருவழியாகப் 10 விழுக்காட்டைத் தாண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து, டிரெய்லர் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே கிடைக்கின்றன. தண்ணீர்த் தொட்டி அச்சுகளுக்கு முன்னாலா பின்னாலா? பெட்ரோல் தொட்டி எங்கே? வண்டியை இரண்டடி முன்தள்ளிக் கட்டுவதற்கேற்ற கட்டு வளையம் தரையில் உண்டா? தொட்டி பின்னால் இருக்கும் டிரெய்லரில், போகும்போது ஒரு நடத்தை, மூன்று நாள் தண்ணீர் செலவழித்துத் திரும்பும்போது வேறொரு நடத்தை. விற்பனையாளர் பலருக்கு இதற்கு விடை தெரிவதில்லை. குனிந்து டிரெய்லருக்கு அடியில் நீங்களே பார்த்துவிடலாம்.

ஐந்தாம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

இத்தனையும் முடிந்தபின் வகை என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். டிரக்கின் பின் பம்பருக்குக் கீழுள்ள ஹிட்ச் பந்தில் மாட்டும் இழுவை வகை விலை குறைவு, பல டிரக்குகளுக்குப் பொருந்தும். டிரக்கின் படுகைக்குள் பொருத்திய தட்டில் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகை சாலையில் மிக நிதானமாக ஓடும், வால் ஆட்டம் அரிது, இடமும் அதிகம். ஆனால் அதன் மொத்த எடையில் 20 விழுக்காடு அளவுக்கு டிரக்கின்மேல் இறங்கும். 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் 2,800 பவுண்டு. கனமான டீசல் எஞ்சின் உள்ள முக்கால் டன் டிரக்குகள் பலவற்றால் இதைத் தாங்க இயலாது. ஒரு டன் டிரக்தான் வேண்டும். எஞ்சின் உள்ளேயே அமைந்த மோட்டார் ஹோம் வகையும் உண்டு. விலை மிக அதிகம் என்பதோடு, எஞ்சின் பழுதானால் வீடும் சேர்ந்து பணிமனையில் நிற்கும் என்பதால், முதன்முறை வாங்குபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உள்ளமைப்பில் இரண்டு போக்குகள் உள்ளன. ஒன்று, சமையலறை முதல் பின்கதவு வரை ஒரே திறந்த கூடம். வண்டிகளை இறக்கியதும் அதுவே வரவேற்பறை. மற்றொன்று, சுவரும் கதவும் வைத்துப் பிரித்த தனிக் கராஜ். திறந்த கூடத்தில் நீளம் வீணாவதில்லை. தனிக் கராஜில் பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வருவதில்லை. சிறு குழந்தைகள் உள்ளவர்கள் எடை கூடினாலும் தனிக் கராஜையே பார்க்கலாம் என்பது என் கருத்து.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றையும் யோசித்துவிடுங்கள். உங்களிடம் இருப்பவை இரண்டு டர்ட் பைக்குகள் மட்டுமே என்றால் டாய் ஹாலரே தேவைப்படாமல் போகலாம். பைக்குகளை டிரக்கின் படுகையில் நிறுத்திக் கட்டிவிட்டு, பின்னால் ஒரு சாதாரணப் பயண டிரெய்லரை இழுத்துச் செல்லலாம். அந்த 500 பவுண்டும் டங் வெயிட்டும் சேர்ந்து பேலோடுக்குள் அடங்குகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: கராஜை உற்றுப் பாருங்கள்

சாய்தளக் கதவு எவ்வளவு எடை தாங்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதையே கம்பிவடத்தில் தொங்கவிட்டுத் திண்ணையாகப் பயன்படுத்தும்போது தாங்கும் எடை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கதவின் சரிவு செங்குத்தாக இருந்தால், நீண்ட உடலும் தாழ்ந்த அடிப்பகுதியும் கொண்ட நான்கு இருக்கை வண்டி மேலேறும் முனையில் வயிறு தட்டி நின்றுவிடும். கராஜ் தரையின் கடைசி சில அடிகளைச் சற்றுத் தாழ்த்திக் கட்டியிருக்கும் டிரெய்லர்களில் இந்தச் சிக்கல் குறைவு. கூடுமானவரை உங்கள் வண்டியையே கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கட்டு வளையங்கள் அடிச்சட்டத்தின் இரும்போடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்; ஒட்டுப்பலகைத் தரையில் வெறும் திருகாணியால் இறுக்கியவை திடீர் பிரேக்கில் பிடுங்கிக்கொள்ளும். வண்டியை இறுக்கிக் கட்டும் ராட்செட் பட்டைகளில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். அறுந்துபோகும் எடை பெரிய எழுத்திலும், பயன்படுத்தத்தக்க எடை சிறிய எழுத்திலும் இருக்கும். பின்னது முன்னதில் மூன்றில் ஒரு பங்குதான், நாம் கணக்கில் கொள்ள வேண்டியதும் அதுதான். வண்டிக்கு நான்கு பட்டைகள், ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று, எதிரெதிர்த் திசையில் இழுக்கும்படி கட்டுங்கள்.

அடுத்தது ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். டிரெய்லரின் குளிர்பதனப்பெட்டியும் தண்ணீர் சூடாக்கியும் புரோப்பேன் சுடரில் இயங்குபவையாக இருந்தால், அந்தத் தரைமட்ட ஆவிக்கு நெருப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது என்று பொருள். எனவே கராஜின் கீழ்ப்பகுதியில் மூடப்படாத காற்றுத் துளைகள் இருக்கின்றனவா, கார்பன் மோனாக்சைடு, புரோப்பேன் ஆகிய இரண்டுக்கும் எச்சரிக்கைக் கருவிகள் காலாவதியாகாமல் உள்ளனவா என்று பாருங்கள். இந்தக் கருவிகளின் முதுகில் தேதி அச்சிட்டிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகே வண்டியை ஏற்ற வேண்டும். வண்டி உள்ளே இருக்கும்போது அங்கே யாரும் படுக்கக் கூடாது. பெட்ரோல் நிரப்பும்போது புரோப்பேன் சாதனங்கள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். கராஜில் கம்பளத் தரை போட்ட டிரெய்லரைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை எண்ணெய் கொட்டிய கம்பளம் கடைசிவரை எண்ணெய் வாடையோடுதான் இருக்கும்.

ஏழாம் படி: தண்ணீரும் மின்சாரமும்

இம்பீரியல் மணல்மேடுகள் எனப்படும் கிளாமிஸ் பகுதி நாற்பது மைல் நீளத்துக்கும் மேல் பரந்து கிடக்கிறது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறையின் பொறுப்பில் உள்ள அங்கே அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்கினாலும் மின் இணைப்போ குழாயோ கிடைக்காது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்களுக்கு 100 காலன் நல்ல தண்ணீர் ஆடம்பரமல்ல. ஆனால் நல்ல தண்ணீர்த் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளை மறந்துவிடாதீர்கள். 100 காலன் நல்ல தண்ணீரும் 40 காலன் கழிவுத் தொட்டியும் இருந்தால், நாற்பதாவது காலனிலேயே குளியல் நின்றுவிடும்.

இரண்டு ஏ.சி. உள்ள டிரெய்லருக்கு 50 ஆம்பியர் இணைப்பும், முகாமில் அவற்றை ஒருசேர ஓட்ட 5,500 வாட் அளவிலான ஜெனரேட்டரும் தேவைப்படும். குளிர்காலத்தில் மட்டும் பாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஏ.சி. போதும், கூரையில் சூரியத்தகடும் நல்ல மின்கலமும் இருந்தால் ஜெனரேட்டரை நாளுக்கு ஓரிரு மணி நேரம் ஓட்டிச் சமாளிக்கலாம்.

எட்டாம் படி: வாங்குவதற்கு முந்திய சோதனை

முடிந்தால் முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆர்விஷேர், அவுட்டோர்சி போன்ற தளங்களில் உரிமையாளர்களே டாய் ஹாலர்களை வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு இரவுகளில் தெரியவருவது, இருபது காணொளிகளில் தெரிவதில்லை.

பழையதை வாங்குவதானால் முதல் எதிரி தண்ணீர்க் கசிவு. நூறு டாலருக்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கிக்கொண்டு, மூலைகள், சன்னல் ஓரங்கள், சாய்தளக் கதவின் அடிவிளிம்பு ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். வெளிச்சுவரை வெயில் பக்கவாட்டில் விழும் மாலை நேரத்தில் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் பார்த்தால், உள்ளே ஈரம் புகுந்து உப்பிய இடங்கள் அலை அலையாகத் தெரியும். அடியில் படுத்து, வில்தகடுகளைத் தாங்கும் இரும்புக் கட்டைகளின் பற்றவைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ஜெனரேட்டரை அரை மணி நேரம், ஏ.சி. சுமையோடு ஓட்டச் சொல்லுங்கள். சும்மா ஓடுவதும் சுமையோடு ஓடுவதும் ஒன்றல்ல. வெகுநாள் நிறுத்திவைத்த ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும்.

டயரின் பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர்கள் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று கிழடாகியே சாகின்றன. ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தால், தடம் புதிதுபோல் இருந்தாலும், புது டயர்களின் விலையைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

புதியதாக இருந்தாலும் சோதனை வேண்டும். டாய் ஹாலர்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் கட்டப்படுகின்றன. ஃபாரஸ்ட் ரிவர், கீஸ்டோன், கிராண்ட் டிசைன் என்று பெயர்கள் பல இருந்தாலும், அடுப்பு, அச்சு, படுக்கைத் தூக்கி போன்ற உறுப்புகள் பலவும் ஒரே சில நிறுவனங்களிடமிருந்து வருபவையே. ஆகவே பெயரைவிட, உங்கள் முன் நிற்கும் அந்த ஒரு டிரெய்லர் எப்படிக் கட்டப்பட்டது என்பதே முக்கியம். என் இரண்டாவது டிரெய்லரை ஒப்படைத்த நாளில், கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு நின்றேன். பத்து நிமிடத்தில் கழுவுதொட்டிக்கு அடியில் நீர் சொட்டியது. இறுக்கப்படாத ஒரு பிளாஸ்டிக் மரைதான் காரணம். அன்று பார்க்காமல் விட்டிருந்தால், தரைப்பலகை ஊறிய பிறகுதான் தெரிந்திருக்கும். டிரெய்லரின் அடையாள எண்ணான பதினேழு இலக்க வின் எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் இட்டால், திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதும் தெரியவரலாம்.

ஒன்பதாம் படி: தராசில் நிறுத்துங்கள்

வாங்கியபின் முதல் பயணம் பாலைக்கல்ல, தராசுக்கு. லாரிகள் நிற்கும் பெரிய எரிபொருள் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். தண்ணீர், வண்டிகள், குடும்பம் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு செல்லுங்கள். டிரக்கின் முன்சக்கரங்கள் முதல் மேடையிலும், பின்சக்கரங்கள் இரண்டாவதிலும், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்தி, எடை பகிரும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஒருமுறை நிறுங்கள். பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் நிறுங்கள். முதல் சீட்டில் உள்ள டிரக் அச்சுகளின் கூட்டலிலிருந்து இரண்டாம் சீட்டின் எடையைக் கழித்தால் கிடைப்பதே உங்கள் உண்மையான டங் வெயிட்; அதனோடு மூன்றாம் மேடை காட்டிய எடையைக் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை. அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கராஜ் சுவரில், வண்டியின் முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்துக்கு நேராக ஒட்டி வைத்திருக்கிறேன்; தரையில் ஒரு வெள்ளைக் கோடும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சக்கரம் அந்தக் கோட்டில் நிற்கும்.

முதல் இரவை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள், இணைப்புகள் உள்ள ஒரு முகாமில் கழியுங்கள். எது உடைந்தாலும் திரும்பிவிடலாம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும்போது உச்ச வேகம் 55 மைல்தான், வலதுபுறத் தடத்திலேயே செல்ல வேண்டும். புதிய டிரெய்லரிலும், சக்கரம் கழற்றி மாட்டிய பழைய டிரெய்லரிலும், புறப்பட்ட 10, 25, 50 மைல்களில் நிறுத்தி, சக்கர நட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள்.